வடக்கு என்று நான் சொன்ன பக்கம்

1

எங்கள் தெருமுனையில் இரும்புக் கம்பங்கள் நட்டு வருகிற வியாழக்கிழமையோடு ஒரு வருடம் ஆகிறது. அன்று மாலை நகரசபைக் கூடத்தில் கூட்டம். கம்பங்கள் இருக்கட்டுமா, பிடுங்கிவிடலாமா என்று கேட்டுவிட்டு முடிவு செய்வார்களாம். வந்து பேசும்படி ஐந்து பேருக்குக் கடிதம் போட்டிருக்கிறார்கள். ஒன்று எனக்கு. திங்கட்கிழமையிலிருந்து அந்தக் கடிதத்தை அலமாரியில் வைப்பதும் எடுப்பதுமாக இருக்கிறேன்.

ஆம்பூரில் இதைப் படிப்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். நாலு கம்பத்துக்கு ஒரு கூட்டமா என்று. ஆகவே முதலில் எங்கள் தெருவைச் சொல்லிவிடுகிறேன்.

நம் ஊரில் பதனிட்ட தோல் கப்பலேறி வந்து சேரும் இங்கிலாந்து ஊர்களில் இதுவும் ஒன்று. செருப்பும் பூட்ஸும் செய்கிற ஊர். என் கணவர் தோல் பதனிடும் ஷாப் ஒன்றின் சோதனைச் சாலையில் வேலை பார்க்கிறார். ஊருக்கு நடுவில் கடைத்தெரு. அதில் ஒரு கம்பளி நூல் கடைக்கு மேல் மாடியில் நாங்கள் குடியிருக்கிறோம். தெருவின் ஒரு முனையில் கசாப்புக்கடை, மறுமுனையில் மாதாகோயில். நடுவே முப்பது நாற்பது கடைகள். நாங்கள் குடிவந்தபோது கார், ரொட்டி வண்டி, பால் வண்டி, லாரி எல்லாம் அந்தச் சின்னத் தெருவுக்குள்தான் புகுந்து புறப்படும். நடக்கிறவர்கள் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும்.

ஒருநாள் பள்ளி விட்டு வரும்போது ரொட்டி வண்டியின் கண்ணாடி என் மகள் மல்லிகாவின் தோளில் இடித்துத் தள்ளிவிட்டது. முட்டி தேய்ந்ததோடு சரி. ஆனால் அன்றிலிருந்து அவள் வீடு வந்து சேரும்வரை எனக்கு அடுப்பில் என்ன இருக்கிறது என்பதே தெரியாது. தெருவை நடப்பவர்களுக்கு மட்டும் என்று ஆக்கக் கோரி ஒரு மனு சுற்றி வந்தது. கணவரைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு அவரைக் கேட்காமல் நான் போட்ட முதல் கையெழுத்து அதுதான்.

நகரசபை ஒத்துக்கொண்டது, ஒரு வருடம் சோதனையாக. கசாப்புக்கடை முனையில் கம்பங்களை நட்டுப் பூட்டினார்கள். மாதாகோயில் முனையில் கம்பம் இல்லை. வண்டிகள் வரக்கூடாது என்று பலகை மட்டும் இருக்கிறது. தீயணைப்பு வண்டியோ ஆம்புலன்ஸோ வர வேண்டுமானால் அந்த வழியாக வரலாம். இந்த ஏற்பாடு தெருவில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அதுதான் என்னை உறுத்துகிறது.

2

காலையில் ஏழு மணிக்கு மண்ணெண்ணெய் ஹீட்டரை ஏற்றுவேன். மல்லிகாவுக்கு இரட்டைப் பின்னல் போட்டுவிடுவேன். அவள் அதை வாசலுக்குப் போகும்முன் ஒற்றைப் பின்னலாக்கிக்கொள்வாள். பள்ளியில் அவளுக்கு மாலி என்று பெயர். வீட்டிலும் அப்படிக் கூப்பிட்டால்தான் திரும்புகிறாள். ஏழு வயது. நான் தமிழில் கேட்டால் அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். கீழே கடை வைத்திருக்கும் மிஸஸ் டாசன் அவளைப் பார்த்து, "உன் அம்மாவுக்கு இதைச் சொல்லிவிடு" என்பார். நான் பக்கத்திலேயே நிற்பேன். டீச்சர் டிரெயினிங் முடித்து குடியாத்தத்தில் ஒரு வருடம் பாடம் நடத்தியவள் நான். என் இங்கிலீஷ் அவர்களுக்குப் புரியவில்லை என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு குளிர்காலம் ஆயிற்று.

மிஸஸ் டாசன் நல்லவர். யாரையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார். முதல் தடவை என் கணவரை அப்படிக் கூப்பிட்டபோது எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு தபால்காரரையும் பூனையையும் அதே சொல்லால் கூப்பிட்டதைக் கேட்டேன்.

திசை விஷயமும் அப்படித்தான். நம் பக்கத்தில் எதற்கும் திசைதான். "வடவண்ட தெருவுல மூணாவது வீடு", "தெக்கால போய் கீழண்ட திரும்பு" என்போம். பாயில் படுத்திருக்கும் குழந்தையைக்கூட "கொஞ்சம் மேலண்ட தள்ளிப் படு" என்போம். இங்கே யாருக்கும் திசை கிடையாது. கசாப்புக்கடை முனை, மாதாகோயில் முனை. நான் வடக்கு, தெற்கு என்றால் முகத்தைப் பார்ப்பார்கள். எனக்கு அதில் உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, இவர்களுக்குத் திசை தெரியவில்லையே என்று.

இந்த வீட்டுக்குக் குடிவந்தது ஒரு கார்த்திகை மாதம். மூன்று வாரம் சூரியன் தென்படவில்லை. நான் பிறந்த வீடு, வாழ்க்கைப்பட்ட வீடு, குடியாத்தத்தில் இருந்த வாடகை வீடு எல்லாவற்றுக்கும் கிழக்குப் பார்த்த வாசல். இந்த வீட்டின் வாசலையும் கிழக்கு என்று வைத்துக்கொண்டேன். வைத்துக்கொண்டேன் என்பதுகூடச் சரியில்லை. அது கிழக்காகவே இருந்தது. சாமி படத்தையும் அதற்குத் தக்கபடி மாட்டினேன்.

கோடைக்காலத்தில் சாயங்கால வெயில் வாசல் பக்கத்து ஜன்னல் வழியாக வந்தது. பார்த்தேன். ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம் போகாத நாட்டில் வெயில் எந்தப் பக்கம் வந்தால் என்ன என்று இருந்துவிட்டேன். பிள்ளைகளுக்குத் திசை சொல்லிக்கொடுத்த டீச்சர் நான்.

3

போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை. என் கணவர் அரிசியும் துவரம்பருப்பும் வாங்க ரயிலேறி லண்டன் போயிருந்தார். இரண்டு வயது சேகருக்குக் காலையிலிருந்து சளி. மத்தியானம் இரண்டு மணிக்கு நாய் குரைப்பதுபோல ஒரு இருமல் இருமினான். அப்புறம் மூச்சை உள்ளே இழுக்கும்போது விசில் மாதிரி சத்தம் வந்தது. நெஞ்சுக்கூடு உள்ளே போய் வெளியே வந்தது. உதடு நீலமாகத் தொடங்கியது. தொண்டைக்குள் வீங்கி மூச்சுவழி அடைபடுகிற நோய் என்று பிறகு சொன்னார்கள்.

அவனைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினேன். மிஸஸ் டாசன் என் கையிலிருந்து பிள்ளையைப் பறித்து, கெட்டில் ஆவி பிடிக்கப் பின்னறைக்கு ஓடினார். "டெலிபோன், லவ்! ஒன்பதை மூன்று தடவை சுற்று!" என்று அங்கிருந்தே கத்தினார்.

சுற்றினேன். ஒரு பெண் குரல் பேசியது. தெருப் பெயர் சொன்னேன், கடைப் பெயர் சொன்னேன். அவள் நிதானமாகக் கேட்டாள்: "அது இப்போது அடைத்த தெருதானே? எங்கள் வண்டி வெளியூரிலிருந்து வருகிறது. எந்த முனை திறந்திருக்கிறது?"

எனக்குத் தெரியும். மாதாகோயில் முனை. கிழக்கே பார்த்து வாசலில் நின்றால் இடது கைப்பக்கம்.

"வடக்கு முனை" என்றேன்.

மல்லிகா என் புடவையைப் பிடித்து இழுத்தாள். "சர்ச் பக்கம்னு சொல்லும்மா. சர்ச்!" அன்று ஆச்சரியமாகத் தமிழில்தான் சொன்னாள்.

"சும்மா இரு. பெரியவங்க பேசுறப்ப இன்னா குறுக்க?" என்று அவள் கையைத் தட்டிவிட்டேன்.

"வடக்கு முனை. நிச்சயம்தானே?" என்றது குரல்.

"நிச்சயம்" என்றேன். சுத்தமான உச்சரிப்பில் சொன்னேன். அது எனக்கு நினைவிருக்கிறது.

வண்டி வந்தது. மணியடித்துக்கொண்டு கசாப்புக்கடை முனைக்கு வந்தது. கம்பங்கள் பூட்டியிருந்தன. சாவி தீயணைப்பு நிலையத்தில் மட்டும். சனிக்கிழமைக் கூட்டம் தெரு முழுக்க நின்றது. வண்டியே வராத தெரு என்று எல்லாரும் நடுத்தெருவில் தள்ளுவண்டியில் பிள்ளைகளோடு நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். மணி அடித்தால் எங்கே ஒதுங்குவது என்பதே மறந்து போயிருந்தது அவர்களுக்கு. ஆம்புலன்ஸ் ஆட்கள் இருவர் கட்டிலைத் தூக்கிக்கொண்டு அந்தக் கூட்டத்துக்குள் புகுந்து வந்தார்கள். நான் கடைவாசலில் நின்று மாதாகோயில் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் என் முதுகுக்குப் பின்னால் வந்தார்கள்.

திரும்பிப் போகும்போது வழிவிட வைத்தவர் கசாப்புக்கடை கிரீவ்ஸ். பெரிய உடம்பு. இரத்தம் தோய்ந்த மேலங்கியைக்கூடக் கழற்றாமல் கட்டிலுக்கு முன்னால் ஓடினார். நல்ல கோட்டுப் போட்டுக் கடைக்கு வந்திருந்த ஆணும் பெண்ணும் அந்த மேலங்கி தங்கள்மேல் பட்டுவிடாமல் இரண்டு பக்கமும் துள்ளி விலகினார்கள்.

ஆஸ்பத்திரியில் சேகரின் கழுத்தில் கீறி ஒரு குழாய் வைத்தார்கள். பிழைத்தான். பதினாறு நாள் அங்கேயே இருந்தான். "இன்னும் கொஞ்சம் முந்தி வந்திருந்தால் இந்தக் கீறல் தேவைப்பட்டிருக்காதோ என்னவோ" என்றார் டாக்டர். என்னவோ என்று அவர் சொன்னதை நான் பல விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

4

கிரீவ்ஸின் மேலங்கியைப் பார்த்தபோது எனக்கு ஆம்பூர் பஜார் நினைவுக்கு வந்தது. அந்த நேரத்திலும் வந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

எனக்குப் பத்து வயது. அக்காவுக்குத் தலைப்பிரசவம், வலி எடுத்து ஒரு நாள் ஆகியும் பிள்ளை வரவில்லை. மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள். வெள்ளிக்கிழமை மத்தியானம். பஜார் முழுக்க வெள்ளை உடுத்தித் தொழுகைக்குப் போகிறவர்கள். இடையில் தோல் மூட்டை வண்டிகள், தோல் பதனிடும் ஆவாரம்பட்டை ஏற்றிய வண்டிகள். அக்காவை ஜட்காவில் ஏற்றினோம். கரீம் பாய் ஓட்டினார். "ஓரம், ஓரம்!" என்று தொண்டை கிழியக் கத்தினார். யாரும் அசையவில்லை. அந்தத் தெருவில் எல்லாரும் எப்போதும் அதைத்தான் கத்துவார்கள்.

"இன்னா பேஜாரா போச்சே" என்று இறங்கினார். பக்கத்தில் நின்ற வண்டியிலிருந்து உப்புநீர் சொட்டும் பச்சைத்தோல் ஒன்றை உருவி, குதிரைக்கு முன்னால் ஏர்க்கால் மேல் குறுக்கே போட்டார்.

"யோவ், என் சரக்குய்யா!" என்றான் வண்டிக்காரன்.

"உன் சரக்கு எங்கயும் போவாது, ஆஸ்பத்திரி வாசல்ல வந்து எடுத்துக்க! அம்மா, எந்தப் பக்கம் கூட்டம் கம்மி?"

"தெக்கால போ பாய். வடக்கால சந்தை" என்றாள் அம்மா.

நாற்றத்துக்கு எங்கள் ஊரில் யாரும் மூக்கைப் பிடிக்க மாட்டார்கள். ஆனால் வெள்ளிக்கிழமை வெள்ளைத் துணியில் தோல்தண்ணி பட்டால் தொழுகை போச்சு. தெரு இரண்டாகப் பிளந்தது. "ஏய் கரீம், இன்னாடா அநியாயம்!" என்று திட்டிக்கொண்டே வழிவிட்டார்கள். அக்கா அந்த வலியிலும் சிரித்தாள். ஆனால் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைக்கு உயிர் இல்லை. அக்கா மட்டும் மிஞ்சினாள்.

அதனால் நம் ஊரில் எல்லாம் சரியாக இருந்தது என்று எழுத எனக்குக் கை வராது. ஒரு தெருவில் யார் முதலில் போக வேண்டும் என்பதை அங்கே கரீம் பாய் மாதிரி ஒருத்தருடைய சாமர்த்தியம் தீர்மானித்தது. இங்கே சாவி தீர்மானிக்கிறது. சாமர்த்தியம் தாமதமாக வந்தது. சாவி வரவே இல்லை.

5

ஆஸ்பத்திரிக்கு மறுநாள் வந்த ஆம்புலன்ஸ்காரர்தான் சொன்னார். "வடக்கு முனை என்று நீங்கள் சொன்னதால் அங்கே போனோம், மேடம். தெற்குப் பக்கம்தான் திறந்திருக்கிறதாமே." குறையாகச் சொல்லவில்லை. சேகருக்கு ஒரு பொம்மை கார் கொடுத்துவிட்டுப் போனார். அவருக்குத்தான் திசை தெரியவில்லை என்று அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் மல்லிகாவின் பள்ளிக்கூடத்துத் திசைகாட்டியை வாசலில் வைத்துப் பார்த்தேன். வடக்கு காட்டும் முள் என் வலது கைப்பக்கம் திரும்பி நின்றது. என் வாசல் மேற்குப் பார்த்தது.

யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குள் உள்ளூர்ப் பத்திரிகையில் என் படம் வந்துவிட்டது. கழுத்தில் கட்டோடு சேகர் என் இடுப்பில். கம்பங்கள் குழந்தையைக் கொல்லப் பார்த்தன என்று தலைப்பு. கம்பம் வந்ததிலிருந்து காரில் வரும் வாடிக்கை போய்விட்டதாகக் குறைபட்டுக்கொண்ட கடைக்காரர்களுக்காக முன்னால் நிற்பவர் கிரீவ்ஸ்தான். இப்போது அவர் வியாபாரத்தைப் பேசுவதில்லை. என் பிள்ளையைத்தான் பேசுகிறார். மனதாரத்தான் பேசுகிறார். வாரா வாரம் சேகருக்கென்று ஈரல் பொட்டலம் கொடுத்தனுப்புகிறார்.

கம்பங்கள் போனால் ரொட்டி வண்டி திரும்ப வரும். இப்போது மல்லிகாவும் நாலு பிள்ளைகளும் நடுத்தெருவில் கட்டம் போட்டு நொண்டி ஆடுகிறார்கள். நான் ஜன்னலில் நிற்காமல் சமைக்கிறேன். நான் வாயைத் திறக்காவிட்டால் அது போய்விடும், நான் சொன்ன ஒரு தப்பான சொல்லால். வாயைத் திறந்தால், பிள்ளையின் கழுத்தில் கத்தி வைக்கக் காரணம் இவள்தான் என்று ஊர் சொல்லும். சொல்லாவிட்டாலும் நான் சொல்கிறேன், தினமும் அவனைக் குளிப்பாட்டும்போது.

நேற்றுச் சாப்பிடும்போது என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

"இத்தன மாசமா ஏன் சொல்லல, சரோ?"

"சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்பீங்க?"

"திட்டியிருப்பேன்."

"அதான் சொல்லல."

சோற்றைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினார். பிறகு, "யாரும் கேக்கல. நீயா எழுந்து சொல்லணுமா? நாம வெளியூர் ஆளுங்க. கிரீவ்ஸ் நல்லது பண்ணவரு, அவர எதுத்தா நிக்கப் போற?" என்றார்.

"அவருக்கு எதிரா இல்லீங்க."

"அங்க உக்காந்திருக்கிறவங்களுக்கு அது எப்படித் தெரியும்?"

தட்டுகளை எடுத்துக் கழுவப் போனேன். இன்று புதன்கிழமை. கூட்டம் நாளை மாலை.

6

வெள்ளிக்கிழமை. கூட்டம் முடிந்துவிட்டது.

என் கணவரும் வந்தார். வர மாட்டேன் என்றவர் கடைசி நிமிடத்தில் கோட்டைப் போட்டுக்கொண்டார். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மிஸஸ் டாசனும் வந்தார். கிரீவ்ஸ் முதலில் பேசினார். நன்றாகப் பேசினார். என்னைக் காட்டினார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கூட்டத் தலைவர் என் பெயரைத் தப்பாக வாசித்தார். எழுந்தேன். எழுதி வைத்திருந்த தாளில் எழுத்தெல்லாம் எறும்பாக ஓடியது. தாளை மடித்துவிட்டேன்.

"அன்றைக்கு எந்த முனை திறந்திருக்கிறது என்று என்னைக் கேட்டார்கள். திறந்த முனை எனக்குத் தெரியும். ஆனால் வடக்கு என்று சொன்னேன். அது தெற்கு. என் வீட்டு வாசல் கிழக்குப் பார்த்தது என்று நினைத்திருந்தேன்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். யாரோ அவர்களை அடக்கினார்கள்.

"என் மகள் பக்கத்தில் நின்று மாதாகோயில் முனை என்று சரியாகச் சொன்னாள். நான் அவளை வாயடக்கினேன். வண்டி தப்பான முனைக்குப் போனது என்னால். அதைக் கம்பங்களின் மேல் போட வேண்டாம்."

உட்காரப் போனேன். கிரீவ்ஸ் எழுந்துவிட்டார். அவர் முகம் சிவந்திருந்தது. கோபம் என்று நினைத்தேன்.

"ஒன்று கேட்கிறேன்" என்றார் தலைவரைப் பார்த்து. "பிள்ளை மூச்சுத் திணறும்போது ஒரு தாய் பதற்றத்தில் திசை மாற்றிச் சொல்லக்கூடாதா? அவள் சரியாகச் சொன்னால்தான் வண்டி வரும் என்றால் அது என்ன தெரு?"

"பதற்றத்தில் சொல்லவில்லை. நிச்சயமாகத் தெரியும் என்று சொன்னேன்" என்றேன்.

"இன்னும் மோசம்!" என்றார் அவர். கூடமே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன், கண்ணில் நீரோடு.

அதற்குப் பிறகு பேச்சு என்னை விட்டுப் போய்விட்டது. ஆம்புலன்ஸ் அதிகாரி, இரண்டு முனையும் திறக்க முடிந்தால் எந்த முனை என்று யாரையும் கேட்கவே தேவையில்லை என்றார். தரையோடு மடிகிற கம்பங்கள் உண்டாம். ஒரே சாவி, தீயணைப்புக்கும் ஆம்புலன்ஸுக்கும். செலவு யாருடையது என்று அரைமணி நேரம் சண்டை போட்டார்கள். கம்பங்கள் இருக்கட்டும், மடிகிற மாதிரி மாற்றுவோம் என்று, வந்திருந்தவர்கள் கை தூக்கியதில் இரண்டு வாக்கு வித்தியாசத்தில் முடிந்தது. கிரீவ்ஸ் எதிர்த்துத்தான் கை தூக்கினார்.

வெளியே அவரிடம் போய் நின்றேன்.  "நீங்கள் கெட்டிக்காரப் பெண், மேடம். ஆனால் எனக்கு நஷ்டம்" என்று தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார். இந்த வெள்ளிக்கிழமை ஈரல் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மல்லிகாவை உட்கார வைத்து, "அன்னிக்கு நீ சொன்னதுதான் சரி. அம்மா உன் பேச்சக் கேட்டிருக்கணும்" என்றேன். அவள் காலுறையைக் கழற்றிக்கொண்டே, "எனக்கு ஞாபகம் இல்ல" என்றாள் இங்கிலீஷில். உண்மையா, எனக்காகச் சொன்னாளா என்று ஏழு வயதுப் பிள்ளையிடம் எப்படிக் கேட்பது? கேட்கவில்லை.

7

ஐந்து வாரம் கழித்து இதை எழுதுகிறேன். புதுக் கம்பங்கள் வந்துவிட்டன. இன்று ஞாயிற்றுக்கிழமை காலை ஆம்புலன்ஸை ஓட்டிப் பார்த்தார்கள். கசாப்புக்கடை முனையில் ஒருவர் இறங்கிச் சாவியைத் திருகிக் கம்பத்தைக் காலால் சாய்த்தார். தெருவில் இருந்தவர்கள் வேடிக்கை பார்க்க இரண்டு பக்கமும் நின்றோம். என் இடுப்பில் சேகர். பக்கத்தில் மல்லிகா. என் கணவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டி மணியடிக்காமல், யாரையும் அவசரப்படுத்தாமல் வந்து நூல் கடை வாசலில் நின்றது.

சிலர் கை தட்டினார்கள். "எவ்ளோ நேரம்ங்க?" என்று கேட்டேன். அவர் கடிகாரத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். ஒரு நிமிடம்கூட முழுதாக ஆகியிருக்கவில்லை.

"அவ்வளவுதானா?" என்றேன்.

"அவ்வளவுதான்" என்றார்.

வண்டிக்காரர் சேகரைப் பார்த்துக் கையசைத்தார். அவன் வெட்கப்பட்டு என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவன் மூச்சு என் தோளில் சூடாக வந்து போய்க்கொண்டிருந்தது. வண்டி மாதாகோயில் பக்கமாக வெளியே போகும்வரை நான் அங்கேயே நின்றேன். என்னால் கை தட்ட முடியவில்லை.